வணிகப் பட்டம் இல்லாதவர்க்குக் கணக்குத் தொழில்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களுக்குச் சென்ற தமிழர் அனைவரும் தொடங்கிய தொழிலிலேயே வாழ்நாளைக் கழிப்பதில்லை. சுமை தூக்கச் சேர்ந்தவர் கிடங்குப் பொறுப்பாளராகிறார். கிடங்கில் நின்றவர், கணக்கு மேசையில் அமர இயலாதா என்று ஒருநாள் எண்ணுகிறார். அப்போது தடையாக வந்து நிற்கும் வினா ஒன்றுண்டு: வணிகவியல் பட்டம் பெறாத நமக்கு இத்தொழில் கைகூடுமா? கொச்சி நகரின் மட்டாஞ்சேரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

மட்டாஞ்சேரி மிளகு மணக்கும் ஊர். 1957ஆம் ஆண்டில் மிளகின் முன்பேர வாணிபத்திற்கெனச் சங்கம் கண்ட ஊர். இவ்வூருக்கும் கணக்கியலுக்கும் உள்ள உறவு தொலைவானதாகத் தோன்றினும் உண்மையானது. மலையாளக் கரையின் மிளகு செங்கடல் வழியே வெனிஸ் நகரை அடைந்த காலத்தில், அந்நகர வணிகர்கள் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என இருபுறமும் எழுதும் இரட்டைப் பதிவு முறையைக் கையாண்டனர். அம்முறையை 1494ஆம் ஆண்டில் அச்சு நூலில் விளக்கியவர் லூக்கா பச்சோலி. அவர் வணிகரல்லர், கணிதம் கற்பித்த துறவி. வேறு துறையினர் கணக்கியலுக்கு வருவது புதுமையன்று என்பதற்கு இவரே சான்று.

இனி, கணக்கெழுதுவோர்க்கு வேண்டிய அறிவு யாது எனக் காண்போம். மட்டாஞ்சேரி வியாபாரி ஒருவர், வயநாட்டிலுள்ள பதிவுபெற்ற வணிகரிடம் 1,000 கிலோ மிளகைக் கிலோ 600 ரூபாய் வீதம் வாங்குகிறார் என வைத்துக்கொள்வோம். விலை 6,00,000 ரூபாய். சரக்கு, சேவை வரி நூற்றுக்கு 5 வீதம் 30,000 ரூபாய். வாணிபம் கேரளத்திற்குள்ளேயே நடந்தமையால், 15,000 ரூபாய் மத்திய அரசுக்கும் 15,000 ரூபாய் மாநில அரசுக்கும் உரியது. மிளகைக் காயவைத்துச் சலித்துப் புடைத்தபின் 990 கிலோ எஞ்சுகிறது. அதனைக் கிலோ 630 ரூபாய் வீதம் விருதுநகருக்கு விற்கிறார். விலை 6,23,700 ரூபாய். சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் செல்வதால் ஒருங்கிணைந்த வரி 31,185 ரூபாய். முன்பு செலுத்திய 30,000 ரூபாயைக் கழித்து, எஞ்சிய 1,185 ரூபாயைச் செலுத்தினால் போதும்.

இதுவரை கூட்டலும் கழித்தலுமே. ஆனால், குறைந்த பத்துக் கிலோ எங்கே போயிற்று? களவுபோன சரக்கிற்கும் அழிந்துபோன சரக்கிற்கும் உரிய வரியைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடந்தருவதில்லை. ஈரம் வற்றியும் தூசு நீங்கியும் இயல்பாகக் குறையும் எடையோ வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய ஏட்டறிவு மட்டும் போதாது. ஒரு பிடி மிளகைக் கையில் எடுத்தவுடனே அதன் ஈரத்தை மதிப்பிடவல்ல கிடங்குத் தொழிலாளிக்கு அது கைவந்த அறிவு. பழைய தொழிலில் கழிந்த ஆண்டுகள் வீணாயின என்று வருந்துவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சரக்கை அறிந்தவர் கணக்கில் பாதியை அறிந்தவராவார்.

மற்றப் பாதியைக் கற்றே தீரவேண்டும். குறிப்பேடு, பேரேடு, ரொக்கப் புத்தகம், இருப்பாய்வு, ஐந்தொகை என்னும் வரிசையில் முதலில் கையால் எழுதிப் பழகுதல் நலம். பெங்களூரில் 1986ஆம் ஆண்டில் தோன்றிய டாலி முதலிய கணிப்பொறிச் செயலிகள் அதன் பின்னரே பயன் தரும். செயலியை இயக்க மட்டும் கற்றவர், பிழை நேர்ந்தவிடத்தில் அதன் காரணம் அறியாது திகைப்பார். கடைகளில் கணக்கெழுதுவதற்குச் சட்டப்படி எப்பட்டமும் தேவையில்லை. முதற்படி இதுவே.

மேற்படிகள் ஒவ்வொன்றிற்கும் தனித்தனி விதியுண்டு. கம்பெனிக் கணக்குகளைத் தணிக்கை செய்து கையொப்பமிடும் உரிமை பட்டயக் கணக்காளர்க்கே உரியது. 1949ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பட்டயக் கணக்காளர் கழகத்தின் அடிப்படைத் தேர்வைப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர் எழுதலாம். வணிகவியல் பட்டதாரிகள் நூற்றுக்கு 55 மதிப்பெண்ணும், பிற பட்டதாரிகள் 60 மதிப்பெண்ணும் பெற்றிருப்பின் அத்தேர்வின்றி இடைநிலையில் சேரலாம். வரலாறு பயின்றவர்க்கும் கதவு திறந்தே இருக்கிறது. ஐந்து மதிப்பெண்ணே வேறுபாடு. ஆயினும் பயிற்சிக் காலம் முழுநேரமானது. 2023ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி அது மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்துள்ளது எனினும், சிறு உதவித்தொகையைக் கொண்டு அவ்விரண்டாண்டும் குடும்பத்தைக் காத்தல் எளிதன்று. இல்லத்தாருடன் கலந்து, சேமிப்பைக் கணக்கிட்டபின்னரே இதில் இறங்குதல் வேண்டும்.

வேலையை விட இயலாதவர்க்கு அடக்கவிலைக் கணக்காளர் கழகத்தின் தேர்வுகள் ஏற்றவை. இவ்விரு கழகங்களுக்கும் கொச்சியில் கிளைகள் உண்டு. சரக்கு, சேவை வரிப் பயிற்சியாளராகப் பதிவு பெற விழைவோர் மட்டும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அங்கே புதிதாக வருவோரிடம் வணிகவியல், சட்டம், வங்கியியல், வணிக மேலாண்மை போன்ற பட்டத்தையோ, மேற்சொன்ன கழகங்களின் இறுதித் தேர்ச்சியையோ விதிகள் கேட்கின்றன. பணியிலிருந்தவாறே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் பயின்று இக்குறையைத் தீர்க்கலாம். சில மாதச் சான்றிதழ் ஒன்றினாலேயே தணிக்கையாளராகலாம் என உரைத்துப் பணம் கேட்போரை அணுகாதிருத்தல் நன்று.

தடைகளைக் கண்டு தளர்வோர் ஆர். சிவபோகம் அம்மையாரை நினைத்தல் வேண்டும். சென்னை இராணி மேரி கல்லூரியில் பயின்ற அவர், விடுதலைப் போரில் ஈடுபட்டு வேலூர்ச் சிறையில் ஓராண்டு இருந்தவர். 1933ஆம் ஆண்டில் கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறி, இந்தியாவின் முதற் பெண் கணக்காய்வாளரானார். சிறை சென்றவர் என்னும் காரணத்தால் பதிவு மறுக்கப்பட்டபோது நீதிமன்றத்தில் வழக்காடித் தம் உரிமையை நிலைநாட்டினார். பின்னர், பட்டயக் கணக்காளர் கழகத்தின் தென்மண்டலக் குழுவிற்கு 1955 முதல் 1958 வரை தலைமையும் தாங்கினார்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். கணக்கு, வரவு, பற்று, செலவு ஆகியன மலையாளத்திலும் வழங்கும் சொற்களே. ஆகவே கேரளக் கடைகளில் தமிழருக்கு அவை அயலல்ல. எனினும், பட்டயக் கணக்காளர் தேர்வுகளை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுதவேண்டும். நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் ஆங்கிலப் பயிற்சிக்கு ஒதுக்குதல் இன்றியமையாதது.

வணிகப் பட்டம் இல்லாமை கணக்குத் தொழிலுக்குப் பூட்டிய கதவன்று. சில படிகளை மிகுதியாக ஏறவேண்டும் என்பதே அதன் பொருள். எப்படிக்கு எத்தகுதி வேண்டும் என்பதை முன்னரே அறிந்து, நம் கையிலுள்ள சரக்கறிவை முதலாகக் கொண்டு தொடங்கினால், பேரேட்டின் வரவுப் பக்கத்தில் நம் உழைப்பும் ஒருநாள் பதிவாகும்.