மலைமேல் ஒரு கற்சிலுவை

ஸ்பெயின் நாட்டின் சந்தியாகு பேராலயத்திலே, மத்தேயு என்னும் சிற்பி 12-ஆம் நூற்றாண்டில் அமைத்த சிற்ப வாயிலைப் படத்தில் கண்டு வியவாதார் இலர். இடைக்காலத் திருயாத்திரிகர் பல நாள் நடந்து அதைக் காணச் சென்றனர். தியாகராய நகர் வாசிகளாகிய நமக்கோ, மாம்பலத்தில் மின்சார இரயில் ஏறினால் மூன்றாவது நிலையத்திலேயே அதனினும் பழைமையான யாத்திரைச் சிற்பம் ஒன்று காத்திருக்கிறது. பரங்கிமலை ஆலயப் பீடத்தின்மேல் பதிந்துள்ள கற்சிலுவையைத்தான் சொல்லுகிறேன்.

1547-இல் போர்த்துக்கீசியர் கோவிலுக்காக நிலத்தைத் தோண்டியபோது அகப்பட்டது இது. அருகே நின்று பாருங்கள். படிகளின்மேல் நிற்கும் சிலுவையின் நுனிகள் மொட்டுப்போல் விரிகின்றன. அடியில் இருபுறமும் இலைகள் சுருண்டு எழுகின்றன. மேலே புறாவொன்று தலைகீழாய் இறங்குகிறது. இருபுறத் தூண்களின்மேல் மகரங்கள். அவற்றின் வாயினின்று வளைவு புறப்படுகிறது. இந்த மகர தோரணத்தை மாமல்லபுரத்துத் திரௌபதி ரதத்தின் வாயிலிலும் காணலாம். வளைவில் ஓடும் எழுத்தோ பாரசீகத்துப் பகலவி! நம் நாட்டுத் தோரணமும் பாரசீக எழுத்தும் ஒரே கல்லில் கூடியிருப்பதை எத்தனை முறை கண்டாலும் எனக்கு அலுப்பதில்லை.

அவ்வெழுத்தை 16-ஆம் நூற்றாண்டில் ஒருவர் தோமையாரின் வரலாறாகவே படித்துக் காட்டினாராம். அது பகலவி மொழி என்று 1873-இல் பர்னல் என்பார் எடுத்துரைத்தார். அதன்பின் வந்த படிப்புகள் பலவாயினும், மெசியாவின் இரக்கத்தை ஒரு மனிதனுக்காக வேண்டும் மன்றாட்டு அது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படுகிறது. அம்மனிதனின் பெயரில்தான் அறிஞர் வேறுபடுகின்றனர். காலம் ஏறத்தாழ 7 முதல் 9-ஆம் நூற்றாண்டுக்குள் அடங்கும். ஆகவே திருத்தூதர் தம் கையால் செதுக்கியது என்னும் மரபை வரலாறாகக் கொள்ள இயலாது.

இதை நான் அறிந்திருந்தும் ஒருமுறை தவறினேன். மறைக்கல்விச் சிறுவரை மலைக்கு அழைத்துச் சென்றபோது, "சாமி, இது தோமையாரே செதுக்கியதா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். சுற்றிலும் முதியோர் முழந்தாளிட்டிருந்தனர். அவர்கள் மனம் புண்படுமோ என்றஞ்சி, "ஆம்" என்றேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறு ஞாயிறு பிரசங்கத்தில் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். சலசலப்பை எதிர்பார்த்தேன். பூசை முடிந்ததும் அச்சிறுவனின் பாட்டியார் சக்கிறீஸ்துக்கு வந்தார். "அந்த எழுத்தில் யாருக்காக வேண்டியிருக்கிறதோ, அவர் பெயரை எழுதிக்கொடுங்கள், சாமி, அவருக்கும் ஒரு பூசை ஒப்புக்கொடுக்கலாம்" என்றார்.