கணினியில் வானொலி கேட்டால் ஒலி ஏன் வெட்டுகிறது?

சின்ன யூஎஸ்பி கருவியைக் கணினியில் செருகி எஃப்எம் வானொலி கேட்கலாம். ஆனால் சில நேரம் ஒலி விட்டுவிட்டு வரும்; கரகரக்கும். உடனே ஏரியலைத் திருப்பத் தொடங்கிவிடுவோம். கோளாறு கணினிக்குள், 'பஃபர்' எனும் இடத்திலும் இருக்கலாம்.

பஃபர்னா என்ன?

பரோட்டாக் கடையை நினைத்துப் பாருங்கள். ஒருவர் மாவை வீசுகிறார். இன்னொருவர் கல்லில் போடுகிறார். இருவருக்கும் நடுவே இருக்கும் தட்டுதான் பஃபர். தட்டு காலி என்றால் கல்லருகே இருப்பவர் காத்திருப்பார். நிரம்பிவிட்டால் வீசுபவர் கையைக் கட்டி நிற்பார்.

2001இல் தொடங்கிய 'குனு ரேடியோ' எனும் இலவச மென்பொருளும் அப்படித்தான். அலையை வாங்க, வடிகட்ட, ஒலியாக்க என ஒவ்வொரு வேலைக்கும் தனி 'பிளாக்'. ஒன்று எழுதி வைப்பதை அடுத்தது எடுத்துப் படிக்கும்.

கணக்கு எங்கே பிசகும்?

கருவி விநாடிக்கு 240,000 மாதிரிகளைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒலிபெருக்கிக்கு வேண்டியது 48,000தான். அதாவது 5 வாங்கி 1 கொடுக்கவேண்டும். எத்தனை எடுத்தோம், எத்தனை கொடுத்தோம் என்று பிளாக் ஒவ்வொரு முறையும் மென்பொருளிடம் சரியாகச் சொல்லவேண்டும். 500 எடுத்துவிட்டு 400 என்று சொன்னால், கடைசி 100 மறுபடியும் வந்து நிற்கும். சொந்தமாக பிளாக் எழுதுவோர் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது.

கணக்கு சரி. அப்போ ஏன் வெட்டுகிறது?

நடுவில் இருக்கும் பிளாக்குகள் காத்திருக்கலாம். இரண்டு முனைகளால் முடியாது. வானொலி அலை யாருக்காகவும் நிற்காது. கணினி மெதுவாக இருந்தால் சில மாதிரிகள் தொலைந்துபோகும். அப்போது திரையில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்து வரிசையாக ஓடும். மறுமுனையில் ஒலிபெருக்கிக்குத் தீனி போதாவிட்டால் 'ஏயூ' என்று வரும். ஓசை வெட்டுவது அப்போதுதான்.

பஃபரைப் பெரிதாக்கினால் போதாதா?

ஓரளவு உதவும். ஆனால் கணினியின் சராசரி வேகமே போதவில்லை என்றால், எவ்வளவு பெரிய தட்டும் ஒருநாள் காலியாகும். தாமதமும் கூடும். ஒலிபெருக்கிக்கு முன்னால் 480 மாதிரிகள் காத்திருந்தால் நூறில் ஒரு பங்கு விநாடிதான் தாமதம். 48,000 என்றால் முழுதாக ஒரு விநாடி.

பாட்டுக் கேட்பவருக்கு அது தெரியவே தெரியாது. நேரலைப் பேட்டி எடுக்கும் எங்களுக்குத் தெரியும்: கேள்வி கேட்டதும் ஒரு விநாடி அமைதி, "கேட்குதா?" என்று மறுபடி கேட்பதற்குள் அவர் பதிலைத் தொடங்கியிருப்பார்.