தாங்கும் தூணா, சும்மா நிற்கும் தூணா?

கூடத்தில் நிற்கும் தூண் கூரையைத் தாங்குகிறதா, அழகுக்கு நிற்கிறதா என்பதை அதன் பருமனைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. நாலு அங்குல வார்ப்பிரும்புத் தூண் ஒரு மாடியையே சுமந்துகொண்டிருக்கும். இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டிய பூவேலைத் தூண், உள்ளே வெறும் பிளைவுட் கூடாக இருக்கும். தூணை ஆராய்வதற்கு முன் அதன் தலைக்கு மேல் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதே சரியான தொடக்கம்.

ஓட்டு வீடுகளில் இதைக் கண்ணாலேயே படித்துவிடலாம். ஓட்டின் எடை ரீப்பருக்கும், அங்கிருந்து கைமரத்துக்கும், கைமரத்திலிருந்து உத்தரத்துக்கும் இறங்குகிறது. உத்தரத்தைத் தாங்குவது தூண். தூணைத் தாங்குவது அடிக்கல். செட்டிநாட்டு வீடுகளிலும் தஞ்சைப் பக்கத்து வீடுகளிலும் முற்றத்தைச் சுற்றி வரிசையாக நிற்கும் தூண்கள் அநேகமாக எல்லாமே இப்படிச் சுமப்பவைதான். எவ்வளவு நுணுக்கமான செதுக்கல் இருந்தாலும் அவற்றின் வேலை அலங்காரம் மட்டுமல்ல. முற்றத்தின் நான்கு மூலைத் தூண்களுக்குச் சுமை இன்னும் கூடுதல். இரண்டு பக்கத்து உத்தரங்களும் அங்கேதான் சந்திக்கின்றன. இரண்டு கூரைச் சரிவுகள் கூடும் இடத்து மூலைக் கைமரமும் அங்கேதான் இறங்குகிறது.

தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் இருக்கும் போதிகையைக் கவனிக்க வேண்டும். வாழைப்பூ வடிவத்தில் செதுக்கியிருப்பதால் பலர் அதை வெறும் ஆபரணம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது உத்தரம் தாங்கலின்றிக் கடக்கும் தூரத்தைக் குறைக்கிறது. நீளமான ஒற்றை மரம் கிடைக்காதபோது ஆசாரி இரண்டு மரங்களை இணைத்திருப்பார். அந்த இணைப்பைப் பெரும்பாலும் போதிகையின் மேல்தான் வைத்திருப்பார். அங்கே தூணை எடுத்தால் உத்தரம் இரண்டாகப் பிரியும்.

மெட்ராஸ் டெரஸ் வீட்டில் நெருக்கமாகப் போட்ட மரச்சட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் அடுக்கடுக்காக ஏறியிருப்பதால் தளத்தின் கனம் மிக அதிகம். சட்டங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன, அவற்றின் முனைகள் எதன் மேல் முடிகின்றன என்று பார்த்தால் போதும். குறுக்கே ஓடும் பெரிய உத்தரத்துக்கோ இரும்புக் கர்டருக்கோ கீழே நிற்பது தாங்கும் தூண்.

கான்கிரீட் வீட்டில்தான் குழப்பம் அதிகம். கூரையில் துருத்தித் தெரியும் பீமின் முனையிலோ, இரண்டு பீம்கள் வெட்டும் இடத்திலோ நிற்கும் பில்லரைத் தாங்குவதாகவே கொள்ள வேண்டும். பீமே தெரியாத ஸ்லாபில் தலை முட்டி நிற்பது அலங்காரமாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஸ்லாபுக்குள்ளேயே மறைவாகப் பீம் ஓடலாம். ஃபால்ஸ் சீலிங் அதை மூடியிருக்கலாம். அதே இடத்தில் மேல்மாடியில் ஒரு பில்லர் தொடர்கிறதா, கீழே அதற்கென அஸ்திவாரம் இருக்கிறதா என்பவை அடுத்த தடயங்கள். கட்டியபோது போட்ட ஸ்ட்ரக்சுரல் வரைபடம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

தட்டிப் பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்த சோதனை. அதை மட்டும் நம்பினால் ஏமாற்றமே. டொக் டொக்கென்று ஒலிக்கும் மரப்பெட்டிக்குள் இரும்புக் குழாய் ஒன்று சுமந்துகொண்டு நிற்கலாம். கெட்டியாக ஒலிப்பதும் அத்தாட்சி அல்ல. இடித்த செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. பிறந்த வீட்டில் உத்தரத்தைச் சுமந்த தூண், நகரத்து அடுக்ககக் கூடத்தில் ஒரு பாரமும் இல்லாமல் ஓய்வில் நிற்கிறது.

தலைக்கும் கூரைக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் தூண் தாங்கவில்லை என்பது தெளிவு. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய, இங்கிலாந்தின் வின்ட்சர் நகர மண்டபத்தில் உட்புறத் தூண்கள் மேல்தளத்தைத் தொடுவதே இல்லை. அடிப்பக்க இடைவெளிக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. கரையான் அரித்த மரத்தூணின் அடியில் ஒரு அட்டையைச் செருகினால் தடையில்லாமல் உள்ளே போகும்; தூண் உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அது தாங்க வேண்டிய பாரம் பக்கத்துத் தூண்களுக்கு மாறியிருக்கிறது என்பதே அதற்குப் பொருள்.

எதிர்மாறாகவும் நடக்கும். அழகுக்கு வைத்த தூணின் மேல் காலப்போக்கில் தொய்ந்த பீம் வந்து அமர்ந்துவிடும். தூணின் தலைப்பக்கப் பூச்சு நசுங்கியிருந்தாலோ, தூண் லேசாக வளைந்திருந்தாலோ, அதைச் சுற்றிக் கூரையில் விரிசல் ஓடியிருந்தாலோ அது இப்போது சுமக்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் மிஞ்சினால் தாங்கும் தூணாகவே கருதி, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைக்க வேண்டும். கம்பி காட்டும் கருவியால் அவர் உள்ளிருக்கும் கம்பிகளைக் கண்டறிவார். தேவைப்பட்டால் கண்ணில் படாத மூலையில் சிறிது பூச்சை உடைத்துப் பார்ப்பார். தாங்கும் தூணை எடுத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் இருபுறமும் ஜாக்கி கொடுத்துச் சுமையை அவற்றுக்கு மாற்றி, பிறகு கணக்கிட்ட அளவில் புதுப் பீம் ஏற்ற வேண்டும். அந்தப் பீமின் இரு முனைகளிலும் இறங்கும் பாரத்துக்கு ஏற்ற சுவரோ தூணோ, அதன் அடியில் போதிய அஸ்திவாரமோ இல்லாவிட்டால் அவற்றையும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். தூணை எடுப்பதற்கு ஆகும் செலவில் பெரும்பகுதி இந்த வேலைக்குத்தான்.