மூலிகைதானே என்று விழுங்கலாமா?

"ஐயா, பையன் கபடி ஆடுறான். சீக்கிரம் உடம்பு ஏற லேகியம் ஏதாவது குடுங்களேன். பவுடர் டப்பா எல்லாம் கெமிக்கலாமே, மூலிகைன்னா பயமில்லை பாருங்க!"

கங்கைகொண்ட சோழபுரத்தில் என்னிடம் வரும் பெற்றோர் பலரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். சித்த வைத்தியத்தின் மேல் அவர்களுக்கு இருக்கும் நம்பிக்கை எனக்குச் சந்தோஷமே. ஆனால் 'மூலிகை' என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பி எதையும் விழுங்கிவிடலாமா?

2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டியிலும், குவாங்சோ ஆசியப் போட்டியிலும் 400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் நம் பெண்கள் அணி தங்கம் வென்றது. நாடே கொண்டாடியது. மறு வருடமே அந்த அணியின் மன்தீப் கவுர், சினி ஜோஸ், அஸ்வினி அக்குஞ்சி மூவரும் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். அகப்பட்டது அனபாலிக் ஸ்டீராய்டு. "கோச் கொடுத்த ஜின்செங்கைத்தான் சாப்பிட்டோம், அதில் கலப்படம்" என்றார்கள். ஜின்செங் என்பது சீனர்கள் பலத்துக்குச் சாப்பிடும் ஒரு வேர். உக்ரைன் நாட்டுப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். ஓராண்டுத் தடையை, 2012-ல் சர்வதேச விளையாட்டுத் தீர்ப்பாயம் இரண்டாண்டாக உயர்த்தியது. உடம்புக்குள் போனதற்கு ஆடுகிறவரே பொறுப்பு, இதுதான் விதி.

அமெரிக்காவிலும் இதே கதைதான். பேஸ்பாலில் நம் சிக்ஸர் மாதிரி 'ஹோம் ரன்' உண்டு. பாரி பாண்ட்ஸ் 762 அடித்தார். அந்த நாட்டின் பெரிய லீகில் அவரை மிஞ்சியவர் இல்லை. ஆனால் ஸ்டீராய்டு சந்தேகம் அவரை விடவில்லை. 'ஆளிவிதை எண்ணெய் என்று நினைத்தேன்' என்பது விசாரணையில் அவர் சொன்ன பதில். புகழ் மண்டபத்தில் இடம் பெற, நிருபர்களின் ஓட்டில் 75 சதவீதம் வேண்டும். 2022-ல் நடந்த பத்தாவது, கடைசி ஓட்டெடுப்பிலும் அது கிடைக்கவில்லை.

இப்போது நம் ஊர் ஆட்டத்தைப் பாருங்கள். 1980-ல் பம்பாய் டெஸ்டில், அம்பயர் அவுட் கொடுத்துவிட்ட இங்கிலாந்தின் பாப் டெய்லரை, இந்திய கேப்டன் ஜி.ஆர். விஸ்வநாத் திரும்ப அழைத்து ஆடச் சொன்னார். இந்தியா தோற்றது. ஆனாலும் விஸ்வநாத் பேரை இன்றும் மரியாதையோடுதான் சொல்கிறோம். எத்தனை அடித்தார் என்பதோடு, எப்படி ஆடினார் என்பதும் சேர்ந்ததுதான் பெருமை.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது?

இது ஆண் ஹார்மோனைப் போல வேலை செய்து தசையை வளர்க்கும். வெளியிலிருந்து வருகிறதே என்று உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். விளைவு: விரை சுருங்கும், விந்தணு குறையும். பெண்களுக்கு மீசை அரும்பும், மாதவிலக்கு தவறும், குரல் கட்டையாகும். அந்தக் குரல் பழையபடி திரும்பாமலும் போகலாம். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் வளர்ச்சி முனை சீக்கிரமே மூடிக்கொள்வதால் உயரம் நின்றுவிடும். கல்லீரலும் இருதயமும் கெடும். முணுக்கென்றால் கோபம் வரும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆஸ்துமாவுக்கும் மூட்டு வாதத்துக்கும் டாக்டர் தருகிற ஸ்டீராய்டு வேறு வகை. இதைப் படித்துவிட்டு அதைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

* பத்தே நாளில் உடம்பு ஏறும் என்றால் சந்தேகப்படுங்கள். எந்த மூலிகையும் அத்தனை அவசரமாகத் தசையை வளர்க்காது.

* சித்த மருந்தானாலும் லேபிளில் சேர்மானம், தயாரிப்பு உரிம எண், காலாவதித் தேதி பாருங்கள். பெயரில்லாத பொட்டலம் வேண்டவே வேண்டாம்.

* பிள்ளை போட்டிக்குப் போகிறவன் என்றால் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள், என்னைப் போன்ற சித்த வைத்தியராக இருந்தாலும்.

* ஜிம்மில் ஊசி போடச் சொன்னால், அந்த ஜிம்மையே மாற்றுங்கள்.

முட்டை, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, கேழ்வரகு, எட்டு மணி நேரத் தூக்கம், தினப்படிப் பயிற்சி. இதில் உடம்பு மெதுவாகத்தான் ஏறும். ஏறட்டுமே! பையன் ஜெயித்து வந்தால், ஊரில் யாரும் விரலை நீட்டிப் பேச முடியாது.