31 கிளப், 11 நாடு! ஊர் ஊராகச் சுற்றிய ‘கிறுக்கன்’ உதைத்த ஒரே உதை!

ஒரே ஆபீசில் 31 வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள் நம்மில் நிறையப் பேர். 31 ஆபீஸ் மாறியவர் யாராவது உண்டா? கால்பந்தில் ஒருவர் இருக்கிறார்!

பெயர், செபாஸ்டியான் அப்ரேயு. தென் அமெரிக்காவின் குட்டி நாடான உருகுவேயில், மினாஸ் என்ற ஊரில் 1976 அக்டோபர் 17ல் பிறந்தவர். ஆறடிக்கு மேல் உயரம். எதிரணிக் கோலுக்குப் பக்கத்தில் நின்று, உயரத்தில் வரும் பந்தைத் தலையால் முட்டித் தள்ளுவதில் கில்லாடி. ரசிகர்கள் வைத்த செல்லப் பெயர் ‘எல் லோகோ’. அதாவது, கிறுக்கன்!

சுமார் 26 வருஷம் ஆடினார். 31 கிளப். உருகுவே, அர்ஜென்டினா, பிரேசில், மெக்சிகோ, ஸ்பெயின், இஸ்ரேல், கிரீஸ், ஈக்வடார், பராகுவே, எல் சால்வடார், சிலி என 11 நாடுகள். கணக்குப் போட்டால் ஒரு கிளப்புக்கு 10 மாதம்! மாற்றல் ஆர்டர் வந்தாலே நம் வீடுகளில் களேபரம்தான். ரேஷன் கார்டு மாற்றணும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடணும். அப்ரேயுவுக்கோ அதுவே பிழைப்பு.

இரவல் ஆட்டக்காரர்

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. உள்ளூர் டிஃபென்சர் கிளப்பில் தொடங்கி, அர்ஜென்டினாவின் சான் லோரென்சோவில் பெயர் வாங்கினார். 1998ல் ஸ்பெயினின் டெபோர்டிவோ கிளப் அவரை வாங்கியது. ஐரோப்பா போனால் வாழ்க்கை செட்டில் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் அங்கே அவரால் நிலைக்க முடியவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது ‘இரவல்’ வாழ்க்கை. ஒப்பந்தம் ஒரு கிளப்பிடம் இருக்கும். ஆள் இன்னொரு கிளப்புக்கு ஆடப் போவார். கால்பந்தில் இது சகஜம். டெபோர்டிவோ பேரில் ஒப்பந்தம் இருக்க, அப்ரேயு பிரேசில், மெக்சிகோ, அர்ஜென்டினா, உருகுவே என்று இரவலிலேயே சுற்றினார்.

மெக்சிகோவில் வருஷத்துக்கு இரண்டு போட்டித் தொடர், இரண்டு சாம்பியன். ஆறு மாதத்துக்குள் கோல் வேண்டும். அதற்கு அடிக்கிற ஆள் வேண்டும். கூப்பிடு அப்ரேயுவை! 2002ல் குரூஸ் அசூல் அணிக்கு ஆடி, ஒரே தொடரில் 19 கோல் அடித்தார்.

கோல் அடித்தும் அணி இறங்கியது

2006ல் அதே மெக்சிகோவில் டொராடோஸ் என்ற சின்னக் கிளப். பிற்காலத்தில் பார்சிலோனா பயிற்சியாளராகக் கொடி கட்டிப் பறந்த பெப் குவார்டியோலா அப்போது அங்கே சக ஆட்டக்காரர். அந்தத் தொடரில் அப்ரேயு அடித்தது 11 கோல். கோல் பட்டியலில் முதலிடம் பிடித்தவர்களில் அவரும் ஒருவர். பலன்? அணி கீழ்டிவிஷனுக்கு இறங்கிவிட்டது! இவருக்கு மறுபடியும் பெட்டி கட்டும் வேலை.

“ஒரு இடத்திலும் நிலைக்காதவன்” என்று கேலி பேசியவர்கள் உண்டு. அந்தக் கேலிக்கு ஒரு நாள் பதில் வந்தது.

ஜோகன்னஸ்பர்க்கில் அந்த ராத்திரி

2010 ஜூலை 2. தென் ஆப்பிரிக்காவில் உலகக் கோப்பை கால் இறுதி. உருகுவேக்கு எதிரே கானா. ஜெயித்தால், உலகக் கோப்பை அரை இறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க நாடு என்ற பெருமை கானாவுக்கு. ஆட்டம் 1-1. கூடுதல் நேரத்தின் கடைசி நிமிஷத்தில், கோலுக்குள் போக இருந்த பந்தை உருகுவேயின் சுவாரஸ் கையால் தடுத்தார். சிவப்பு அட்டை. கானாவுக்கு பெனால்டி. கியான் உதைத்த பந்து மேல் கம்பியில் பட்டுப் பறந்தது!

அடுத்து பெனால்டி முறையில் முடிவு. உருகுவே 3-2 என்று முன்னணி. கடைசி உதை, மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த 13ம் நம்பர் அப்ரேயுவுக்கு. அடித்தால் அரை இறுதி. தவறினால் கானாவுக்கு இன்னொரு வாய்ப்பு.

ஓடி வந்தார். எல்லோரும் பலமான உதையை எதிர்பார்த்தார்கள். கோல் கீப்பர் ஒரு பக்கம் பாய்ந்தார். அப்ரேயு பந்தை மெல்லத் தூக்கி நடுவில் போட்டார்! அது நிதானமாக மிதந்து வலைக்குள் விழுந்தது. உருகுவே அரை இறுதியில்!

இந்த உதைக்கு ‘பனென்கா’ என்று பெயர். 1976 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா உதைத்துக் காட்டியது. அப்ரேயு பிறந்ததும் அதே வருஷம்தான்!

பார்த்தவர்கள் “கிறுக்கன்தான்!” என்றார்கள். ஆனால் அது குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. அதே ஏப்ரலில் ரியோ நகரில் பொட்டாபோகோ கிளப்புக்காக, ஃபிளமெங்கோவுக்கு எதிரான இறுதி ஆட்டத்திலும் இதே உதையை உதைத்துக் கோல் போட்டவர் அவர். ஊர் ஊராகப் போய்ப் பழகிய கை... இல்லை, கால்!

கின்னஸில் பெயர்

உருகுவே அந்த உலகக் கோப்பையில் 4ம் இடம் பிடித்தது. 2011ல் கோப்பா அமெரிக்கா வென்ற அணியிலும் அப்ரேயு இருந்தார். நாட்டுக்காக 70 ஆட்டம், 26 கோல்.

2017 டிசம்பரில் சிலியின் ஆடாக்ஸ் இத்தாலியானோவில் சேர்ந்தார். அது 26வது கிளப். ஜெர்மனிக் கோல் கீப்பர் லுட்ஸ் ஃபானென்ஸ்டீல் 25 கிளப்புக்கு ஆடிய சாதனை முறிந்தது. கின்னஸ் புத்தகத்தில் பெயர் ஏறியது. அத்தோடு நின்றாரா? இன்னும் 5 கிளப்! 2021 ஜூனில், 44 வயதில், உருகுவேயின் சுட் அமெரிக்கா கிளப்பில்தான் பூட்ஸைக் கழற்றினார்.

ஒரே கிளப்பில் கடைசி வரை ஆடியவர்களுக்குச் சிலை வைப்பார்கள். அப்ரேயுவுக்கு அந்த யோகம் இல்லை. ஆனால் 44 வயது ஆட்டக்காரரையும் கூப்பிட்டுச் சம்பளம் கொடுக்க ஒரு கிளப் இருந்ததே, அது சும்மா கிடைக்குமா?