இரவு பத்து மணிக்கு மேல் பேசாதே

2019-இல் டெக்சஸ் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. அரசுப் பல்கலைக்கழக வளாகங்களின் திறந்தவெளிகளில் யாரும் கூடலாம், பேசலாம். மாணவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வலதுசாரிகளுக்கு வளாகங்களில் கதவடைக்கிறார்கள் என்று குடியரசுக் கட்சியினர் குமுறிக்கொண்டிருந்த காலம் அது. ஆளுநர் கிரெக் அபாட் பெருமையோடு கையெழுத்திட்டார்.

2024 ஏப்ரலில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகப் புல்வெளியில் காஸா போரை எதிர்த்து மாணவர்கள் கூடியபோது, குதிரைகளோடு மாநிலக் காவல்படை வந்து இறங்கியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கைது. இவர்கள் சிறையில் இருக்க வேண்டியவர்கள் என்று அன்றே எழுதினார் அதே அபாட். அத்துமீறல் வழக்குகள் நிற்கவில்லை. அரசு வழக்கறிஞர் அலுவலகமே கைவிட்டது.

வழக்கு நிற்காவிட்டால் என்ன, சட்டத்தையே மாற்றினால் போயிற்று. 2025-இல் வந்த புதிய சட்டம் இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை வளாகத்தில் ‘கருத்து வெளிப்பாட்டு’க்குத் தடை போடச் சொன்னது. பருவத்தின் கடைசி இரண்டு வாரங்களில் வெளிப் பேச்சாளரை அழைக்கக்கூடாது, மேளம் அடிக்கக்கூடாது. எது கருத்து வெளிப்பாடு? அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் காக்கும் பேச்சும் செயலும் எல்லாமே. அப்படியானால் பதினொரு மணிக்கு வாசகம் அச்சிட்ட பனியனோடு நடந்துபோவதும் விதிமீறல்தான். போராட்டக்காரர்களைக் குறிவைத்து எழுதியவர்கள் இதை யோசித்திருக்கவே மாட்டார்கள்.

அதனால்தான் நீதிமன்றப் படியேறியவர்களின் பட்டியல் சுவாரசியமானது. அதே பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் வளாகக் கிறிஸ்தவ மாணவர் குழு ஒன்று, ஒரு மாணவர் பத்திரிகை, பருவ இறுதியில் மேளம் கொட்டும் ஓர் இசைக்குழு. இரவில் பக்கம் முடிக்கும் பத்திரிகைக்காரர்கள் பத்து மணிக்கு எங்கே போவார்கள்? குடியரசுக் கட்சி அதிபர் ரீகன் நியமித்த நீதிபதி டேவிட் எஸ்ரா, முதல் திருத்தத்துக்குப் பத்து மணிக்குத் தூங்கப்போகும் பழக்கம் இல்லை என்று எழுதி, 2025 அக்டோபரில் இந்தக் கட்டுப்பாடுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தார்.

வளாகப் பேச்சுரிமைக்குத் தனிச் சட்டமே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. மேலிடத் தொலைபேசிக்கு அஞ்சும் துணைவேந்தருக்குச் சட்டப் பிரிவு ஒன்று கையிலிருப்பது நல்ல கேடயம். ஆனால், எழுதும்போதே யார் பேசப்போகிறார் என்று பார்த்து எழுதிய சட்டம் அடுத்த பேச்சாளர் வந்ததும் அழிக்கப்படுகிறது. எல்லாத் திறந்தவெளியும் பொதுவெளியே என்ற 2019-இன் வரி இப்போது சட்டத்தில் இல்லை. எந்த இடம் பொதுவெளி என்பதைப் பல்கலைக்கழக நிர்வாகக் குழுக்களே முடிவு செய்யலாம். அந்தக் குழுக்களின் உறுப்பினர்களை நியமிப்பவர் ஆளுநர்.