வியர்வைக் கறை போக

மே மாதம் மும்பையில் புழுக்கம் அதிகம். தாராவித் தகர வீடுகளில் வியர்த்துக் கொட்டும். வெள்ளைச் சட்டையில் அக்குள் பக்கம் மஞ்சளாகும்.

ஏன்? வியர்வையும் உடம்பு எண்ணெயும் துணியில் ஊறுகின்றன. வியர்வையை அடக்கப் பூசும் மருந்தில் அலுமினிய உப்பு உண்டு. அதுவும் சேர்ந்தால் கறை அழுத்தமாகும்.

என்ன செய்யலாம்?

1. போட்ட சட்டையை அன்றே அலசுங்கள்.
2. 3 கரண்டி சமையல் சோடாவை 1 கரண்டி தண்ணீரில் குழையுங்கள். கறைமேல் தடவுங்கள். அரை மணி ஊறட்டும்.
3. பிறகு சோப்புப் போட்டுத் துவையுங்கள்.
4. கறை போகும்வரை இஸ்திரி போடாதீர்கள். சூட்டில் கறை நிலைத்துவிடும்.

எச்சரிக்கை!

பிளீச்சிங் பவுடர் போட்டால் மஞ்சள் கூடும். அதோடு எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலக்கவே கூடாது. குளோரின் என்ற விஷவாயு கிளம்பும். 10க்கு 10 அறையில் மூச்சு திணறும்.

சட்டை போனால் வாங்கலாம். உயிர் போனால் வருமா?